நான்கு அம்புகளும் மதிப்பெண் தாளும்

போட்டிக்கு வருகிற சார்ட்டை நான் முதலில் ஆடிப் பார்ப்பதில்லை. நோட்பேடில் திறந்து படிப்பேன். ஸ்டெப்மேனியாவுக்கான எஸ்.எம். கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். வரிக்கு நான்கு இலக்கம். 1000 என்றால் இடது அம்பு, 0100 கீழ், 0010 மேல், 0001 வலது. 1001 என்று இருந்தால் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் இடதிலும் வலதிலும் வைக்க வேண்டும், அது ஜம்ப். 2 வந்தால், 3 வரும்வரை அங்கேயே காலை ஊன்றி நிற்க வேண்டும்; அது ஹோல்ட். எம் என்ற எழுத்து வந்தால் மைன். அந்தக் கணத்தில் அந்த அம்பின் மேல் கால் இருக்கக் கூடாது. ஒரு பாட்டுக்கு இப்படிப் பல நூறு வரிகள், சில சமயம் ஆயிரத்துக்கு மேல். விறுவிறுவென்று கண்ணை ஓட்டினாலே எழுதியவர் காலால் யோசிப்பவரா, விசைப்பலகையில் விரலால் யோசிப்பவரா என்பது பிடிபட்டுவிடும். அதன் பிறகுதான் ஷூ மாட்டிக்கொண்டு பேடில் ஏறுவது.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1998-இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் என்ற ஆட்ட இயந்திரத்தை வெளியிட்டது. சுருக்கமாக டி.டி.ஆர். காலடியில் நான்கு அம்புத் தகடுகள், எதிரே திரை, முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. பாட்டு ஓட ஓடத் திரையின் கீழிருந்து அம்புகள் ஏறி வரும். உச்சியில் நிலையாக நிற்கும் அம்பு உருவத்தோடு அவை பொருந்தும் கணத்தில் அதே திசைத் தகட்டை மிதிக்க வேண்டும். எந்த அம்பு எந்தக் கணத்தில் வர வேண்டும் என்று எழுதி வைத்ததுதான் சார்ட். பாட்டு ஒருவருடையது, சார்ட் வேறொருவருடையது. அவரை ஸ்டெப் ஆர்ட்டிஸ்ட் என்பார்கள். 2000-களின் தொடக்கத்தில் ஸ்டெப்மேனியா என்ற இலவசத் திறந்தமூல மென்பொருள் வந்த பிறகு, யாரும் எந்தப் பாட்டுக்கும் சார்ட் எழுதலாம் என்றாகிவிட்டது.

நான் மேற்படிப்புக்கு அமெரிக்கா போனபோது பல்கலைக்கழக மாணவர் மையத்தின் கீழ்த்தளத்தில், பூல் மேசைகளுக்குப் பக்கத்தில், ஒரு டி.டி.ஆர். இயந்திரம் இருந்தது. குளிர்காலத்தில் உடம்பு வேர்க்க அதைவிட மலிவான வழி அங்கே கிடையாது. அதில் ஆடத் தொடங்கிய கூட்டத்தோடு சேர்ந்தேன். ஆடியவர்கள் சார்ட் எழுதினார்கள், எழுதியவர்கள் போட்டி நடத்தினார்கள், போட்டி நடத்தியவர்களுக்கு நடுவர்கள் தேவைப்பட்டார்கள். நான் நன்றாக ஆடியவனுமல்ல, பெரிதாக எழுதியவனுமல்ல. நிதானமாகக் குறிப்பு எழுதுவேன் என்பதற்காகக் கூப்பிட்டார்கள்.

ரசிகர்கள் எழுதும் சார்ட்டுக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்ததற்கு ஒரு வழக்கும் காரணம். 2004-இல் ராக்ஸர் கேம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், ஸ்டெப்மேனியாவையே இயந்திரத்துக்குள் வைத்து இன் த குரூவ் என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. டி.டி.ஆரைவிடக் கடினம், மைன், இரண்டு கால் போதாமல் கையையும் ஊன்ற வைக்கும் மூன்று அம்புகள் என்று புதிய சேட்டைகள். கொனாமி 2005-இல் வழக்குப் போட்டது. 2006-இல் சமரசம் ஆனபோது அந்த ஆட்டத்தின் உரிமை கொனாமியின் கைக்குப் போனது. அதோடு அந்த வரிசை நின்றுபோயிற்று. ஆனால் இரண்டாம் பதிப்பின் இயந்திரங்களில் யூ.எஸ்.பி. குச்சியைச் செருகிச் சொந்தச் சார்ட்டை ஆடும் வசதி வந்திருந்தது. புதிய பாட்டு தர நிறுவனம் இல்லை, ஆட ஆள் இருக்கிறது, இயந்திரமும் இருக்கிறது. பிறகென்ன, ரசிகர்களே எழுதிக் குவித்தார்கள். அப்படிக் குவிந்ததில்தான் எது மரபு, எது மீறல் என்ற சண்டை மூண்டது.

மரபு என்று இங்கே சொல்வதில் இரண்டு வேறு சாமான்கள் கலந்து கிடக்கின்றன. அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் நடுவரின் பாதி வேலை.

முதலாவது காலின் மரபு. ஒரு காலுக்கு அடுத்து மறு கால் என்று மாறி மாறி மிதிப்பதுதான் அடிப்படை. இடது, கீழ், வலது என்று மூன்று அம்புகள் வேகமாக வந்தால், இடது காலில் தொடங்குபவர் வலது காலைக் கீழே வைத்து, இடது காலை அதன் முன்னால் குறுக்கே கொண்டுபோய் வலது அம்பில் வைப்பார். இது கிராஸ்ஓவர். உடம்பு திரும்பும், இடுப்பு சுழலும், ஆட்டம் ஆட்டமாகத் தெரியும். அதே மூன்றில் கீழுக்குப் பதில் மேல் அம்பை வைத்தால் குறுக்குக் கால் பின்னால் போக வேண்டும். உடம்புக்கு அது வேறு அனுபவம், கடினமானதும்கூட. ஒரே காலால் அடுத்தடுத்து இரண்டு வேறு அம்புகளை மிதிக்க நேர்ந்தால் அது டபுள் ஸ்டெப். வேகமான பாட்டில் அது தடுக்கி விழுவதற்குச் சமம். எழுதியவர் வேண்டுமென்று வைத்தாரா, கவனிக்காமல் விட்டாரா என்பது ஆடுபவருக்குத் தெரியாது. தெரியாதபோது அவர் திட்டுவார்.

ஒரே அம்பு இரண்டு முறை வந்தால் இன்னொரு சிக்கல். ஒரே காலால் இரண்டு முறை தட்டினால் ஜாக். முதலில் ஒரு கால், அடுத்து மறு கால் என்று அதே தகட்டில் காலை மாற்றினால் ஃபுட்ஸ்விட்ச். கோப்பில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்: 0100, 0100. எது வேண்டும் என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எழுதுபவர்கள் சாடை காட்டக் கற்றுக்கொண்டார்கள். ஒரு மைனை இடையில் வைத்தால் கால் எழும்பியாக வேண்டும். அடுத்த அம்புகளை அமைக்கும் விதத்தில் காலை மாற்றினால்தான் வசதி என்று ஆக்கலாம். இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் சட்டமாக எழுதி வந்ததல்ல. எத்தனையோ பேர் இடறிய இடங்களிலிருந்து சேர்ந்த ஞானம்.

இந்த மரபு பலகைக்குப் பலகை மாறும். கொரியாவின் ஆண்டமிரோ நிறுவனம் 1999-இல் கொண்டுவந்த பம்ப் இட் அப்பில் நான்கு மூலைகளிலும் நடுவிலுமாக ஐந்து தகடுகள். அங்கே உடம்பைத் திருப்பித் திருப்பி ஆடுவது சர்வசாதாரணம். ஒரே பாதத்தால் இரண்டு தகடுகளை அழுத்துவதும் உண்டு. அந்தப் பழக்கத்தில் ஊறியவர் நான்கு அம்புக்கு எழுதினால் முதல் பார்வைக்கு எல்லாமே விதி மீறலாகத் தெரியும். மிதித்துப் பார்த்தால் சில இடங்கள் அருமையாக இருக்கும்.

இரண்டாவது சாமான் கண்ணின் பழக்கம். சுருதி ஏறினால் அம்புகள் இடமிருந்து வலமாகப் போவது. பாடகர் ஒரே வரியை இரண்டு முறை பாடினால் அதே அம்புத் தொடரையே இரண்டு முறை வைப்பது. நான்கு அம்பையும் மாடிப்படி மாதிரி வரிசையாக ஓட விடுவது. சிம்பல் விழுகிற இடத்தில் ஜம்ப் வைப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். தாளிப்பு என்றால் கடுகு என்பது போல, சிம்பல் என்றால் ஜம்ப். இதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் இவற்றை மீறினால் கால் முறியாது. எடிட்டர் திரையில் பார்க்க அழகாக இருக்கிறது, எல்லாரும் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

புதிதாக நடுவராக வருகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைப்பார்கள். ஃபுட்ஸ்விட்சுக்குச் சாடை காட்டாததற்கும், சிம்பலுக்கு ஜம்ப் வைக்காததற்கும் ஒரே அளவு மதிப்பெண் வெட்டுவார்கள். அதே தவறின் மறுபக்கமும் உண்டு. காலின் மரபை உடைத்த சார்ட்டைத் துணிச்சல் என்று கொண்டாடுவார்கள். உடைத்தது ஆடுபவரின் கணுக்காலைத்தான்.

எங்கள் மதிப்பெண் தாளில் ஆரம்பத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன: ஒத்திசைவு, பாட்டுக்குப் பொருத்தம், ஆடும் வசதி, புதுமை.

ஒத்திசைவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அம்பும் ஒலியும் ஒரே கணத்தில் விழுகிறதா என்பதுதான் கேள்வி. இன் த குரூவில் மிக உயர்ந்த மதிப்பீட்டுக்கான இடைவெளி முன்னும் பின்னும் ஏறத்தாழ 23 மில்லிசெகண்ட். அந்த இயந்திரத்தின் வழக்கப்படி எழுதிய கோப்புகளுக்கும் மற்றவற்றுக்கும் 9 மில்லிசெகண்ட் வித்தியாசம் உண்டு. எந்தக் கணக்குப்படி எழுதினார் என்று எழுதியவர் சொல்லிவிட்டால் சண்டை இல்லை. சொல்லாமல் அனுப்புவார்கள்.

வம்பெல்லாம் கடைசிக் கட்டத்தில்தான். புதுமை என்று தனியாக ஒரு கட்டம் போட்டு அதற்கு மதிப்பெண்ணும் வைத்தால் என்ன வரும்? மதிப்பெண்ணுக்கான புதுமை வரும். வந்தது. மைன்களை அடுக்கித் திரையில் படம் வரைந்து அனுப்பினார்கள். பாட்டு நடுவில் சட்டென்று அம்புகள் உறைந்து நிற்கும், பிறகு பாய்ந்து வரும். பழைய ஸ்டெப்மேனியாவில் வேகத்தை எதிர்மறை எண்ணாகக் கொடுத்தால் பாட்டின் ஒரு துண்டையே தாண்டிக் குதித்துவிடும் ஒரு ஓட்டை இருந்தது. அதை வைத்து அம்புகளைத் திரையில் மாயமாக மறைய வைத்தவர்கள் உண்டு. பிந்தைய பதிப்பில் அந்த ஓட்டையையே வார்ப் என்று முறையான வசதியாக்கிவிட்டார்கள். ஓட்டையை அடைக்காமல் வாசலாக்கிய அந்த மனசு எனக்குப் பிடிக்கும். அதற்காக அந்த வித்தைக்கெல்லாம் மதிப்பெண் போட முடியாது.

இந்த வித்தைகளுக்குப் பொதுப்பெயர் கிம்மிக். அவற்றை மதிப்பிடுவதில் ஒரு பொறி இருக்கிறது. நடுவர் ஒரு சார்ட்டை இரண்டு, மூன்று முறை ஆடுவார். அடுத்தது காத்திருக்கிறது. வாங்கிப் போகிற ரசிகர் அதையே வருடக்கணக்கில் ஆடுவார். முதல் முறை ஆச்சரியப்படுத்துவது நடுவரிடம் மதிப்பெண் வாங்கிவிடும். ஐம்பதாவது முறை அதில் என்ன மிச்சம் என்பது நடுவருக்குத் தெரிய வழியே இல்லை. அதாவது போட்டி என்ற ஏற்பாடே திடுக்கிட வைப்பதன் பக்கம் சாய்ந்திருக்கிறது. இதைச் சரிக்கட்ட நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கிம்மிக் உள்ள சார்ட்டை முதல் முறை ஆடியதும் குறிப்பு எழுத மாட்டேன். சில நாள் விட்டு, வேக மாற்றத்தையெல்லாம் புறக்கணித்து அம்புகளைச் சீரான வேகத்தில் ஓட விடும் அமைப்பில் ஒரு முறை ஆடுவேன். சி-மாட் என்பார்கள் அதை. பல ஸ்டெப் ஆர்ட்டிஸ்டுகள் தலைப்பிலேயே ‘சி-மாட் வேண்டாம்’ என்று எழுதி வைப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்வேன். வித்தையை உருவிய பிறகு கீழே ஒரு சார்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே.

கொனாமியே இந்த அளவீட்டு விவகாரத்தில் ஒரு காலத்தில் கை வைத்தது. 2001-இல் வந்த டி.டி.ஆர். மேக்ஸில் வழக்கமான கடின எண்ணை எடுத்துவிட்டு, குரூவ் ரேடார் என்று ஐந்து முனை வரைபடம் ஒன்றைப் போட்டார்கள்: ஸ்ட்ரீம், வோல்டேஜ், ஏர், ஃப்ரீஸ், கேயாஸ். எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு ஜம்ப், எவ்வளவு ஒழுங்கின்மை என்று எண்ணிச் சொல்லும். ஆடியவர்களுக்கு அது போதவில்லை; எண்கள் திரும்பி வந்தன. ரேடாரில் புதுமைக்கு முனை இல்லை என்பதைக் கவனித்தவர்கள் எங்கள் கூட்டத்தில் குறைவு. ஒழுங்கின்மை அதிகம் என்றால் புதுமை அதிகம் என்று நினைத்தவர்கள்தான் நிறைய.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? எனக்கு உதவியது ஒரு சில்லறைத் தந்திரம். சார்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு பாட்டை மாற்றிவிடுவேன். கோப்பில் ஒலிக்கோப்பின் பெயர் இருக்கும் வரியில், அதே பி.பி.எம். உள்ள வேறொரு பாட்டின் பெயரை எழுதி, தொடக்கத்தை மட்டும் சரிசெய்து ஆடுவேன். பி.பி.எம். என்றால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகக் கணக்கு. நடன இசையில் ஒரே பி.பி.எம். உள்ள பாட்டுகளுக்குப் பஞ்சமில்லை. வேறு பாட்டிலும் சார்ட் ஜோராகப் பொருந்தினால், அதில் இருப்பது பொதுச்சொத்து. எங்கே பொருந்தாமல் உறுத்துகிறதோ, அங்கேதான் எழுதியவர் இந்தப் பாட்டை மட்டும் கேட்டு எழுதியிருக்கிறார். உறுத்தல்கள் எங்கெங்கே என்று குறித்துக்கொண்டு அசல் பாட்டுக்குத் திரும்பினால், படைப்பாற்றல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது சத்தமான இடங்களில் இருக்காது. மூன்றாவது முறை பல்லவி வரும்போது ஒரு ஜம்ப் இல்லாமல் போயிருக்கும். கேட்டால் அங்கே டிரம்ஸ் ஒரு அடியை விட்டிருக்கும்.

சக நடுவர் ஒருவர் இதற்குச் சரியான ஆட்சேபம் சொன்னார். அவர் ஸ்டமினா ஆட்டக்காரர். 170, 180 பி.பி.எம்மில் அடிக்கு நான்கு அம்பு வீதம், நிமிடக்கணக்கில் இடைவெளியே இல்லாமல் ஓடும் ஸ்ட்ரீம்களை மூச்சிரைக்க ஆடுகிற வகை. “உன் சோதனையில் எங்கள் சார்ட் எல்லாமே தோற்கும். அடுத்தடுத்து ஒரே இடைவெளியில் வரும் அம்பு எந்தப் பாட்டுக்குத்தான் பொருந்தாது? அதற்காக அதில் கலை இல்லை என்பாயா?” என்று கேட்டார். நியாயம். ஸ்ட்ரீமில் எப்போது என்ற கேள்விக்கு இடமே இல்லை. எந்த அம்பு என்பது மட்டும்தான் எழுதுபவர் கையில் இருக்கிறது. எங்கே உடம்பைத் திருப்பி ஓய்வு கொடுக்கிறார், எங்கே ஒரு காலை ஒரே தகட்டில் கட்டிப்போட்டு மறு காலை மட்டும் அலைய விடுகிறார், பாட்டு திரும்புகிற இடத்தில் அம்புகளின் சாயலும் திரும்புகிறதா — இதையெல்லாம் தொடை வலிக்கும்போதுதான் உணர முடியும். அந்த வகைக்கு என் தந்திரத்தைக் கைவிட்டேன். அவரையே போடச் சொன்னேன். ஆடி முடிக்க முடியாத சார்ட்டுக்கு மதிப்பெண் போடுவதில்லை என்பது நான் வைத்திருந்த விதி. அந்த வேகமெல்லாம் என் முழங்காலுக்கு ஆகாது.

எங்களுக்குள் மிக நீளமாக நடந்த வாதம் ஒரு ஏழு எண்ணிக்கைப் பாட்டைப் பற்றியது. எல்லாரும் ஒரே பாட்டுக்கு எழுத வேண்டும் என்ற சுற்று. பாட்டு ஏழின்கீழ் எட்டு. மூன்றும் நான்குமாகப் பிரிந்து ஓடும். எனக்கு அது கேட்ட மாத்திரத்தில் மிஸ்ர சாபு. சின்ன வயதில் மிருதங்க வகுப்பில் தகிட தகதிமி சொல்லிச் சொல்லி உள்ளங்கை சிவந்தவனுக்கு வேறெப்படிக் கேட்கும்? மற்ற நடுவர்களுக்கோ அது எண்ணிக்கொண்டே ஆட வேண்டிய வில்லங்கம்.

ஸ்டெப்மேனியாவில் அம்புகளின் நிறம் தாளத்தைச் சொல்லும். அடியின் மேலேயே விழுவது சிவப்பு, அரை அடியில் விழுவது நீலம். இந்த நிறக்கணக்கு நான்கு நான்காகப் போகும் பாட்டுக்குக் கச்சிதம். ஏழில் குழம்பிவிடும். முதல் ஆவர்த்தனத்தில் சமம், அதாவது தாளச் சுற்றின் தொடக்கம், சிவப்பாக வரும். ஏழு அரையடிகள் கழிந்து அடுத்த சமம் வரும்போது அது நீலமாகிவிடும். காது சமம் என்கிறது, கண் எதிரடி என்கிறது. இதைத் தவிர்க்கச் சிலர் பி.பி.எம்மை இரட்டிப்பாக்கி எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடுவார்கள். அப்போது திரையில் அம்புகள் ஓடும் வேகமும் இரட்டிப்பாகும், ஆடுபவர் அமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். கண்ட நடை போலப் பாட்டில் அடிக்கு ஐந்து வந்தால் இன்னும் மோசம். ஒரு அடிக்குள் இந்த மென்பொருள் வைத்திருப்பது 48 இடங்கள். 3, 4, 6, 8 எல்லாம் அதில் மிச்சமின்றி வகுபடும். 5-உம் 7-உம் வகுபடாது. பக்கத்து இடத்தில் ஒட்டவைத்து ஒப்பேற்ற வேண்டும், இல்லையென்றால் பி.பி.எம்மையே அங்கே மாற்ற வேண்டும். நாலுக்கு நாலை இயல்பென்று எடுத்துக்கொண்டவர்கள் செய்த கருவி, வேறெப்படி இருக்கும்?

நிறம் கிடக்கட்டும், கால் என்ன செய்யும் என்பதுதான் சுவாரசியம். ஒவ்வொரு அரையடிக்கும் ஒரு அம்பு என்றால் ஆவர்த்தனத்துக்கு ஏழு மிதி. இடது காலில் தொடங்கினால் ஏழாவதும் இடது. அடுத்த ஆவர்த்தனம் வலது காலில் தொடங்கும். எனவே ஒரே அம்புத் தொடரை அப்படியே திருப்பி வைக்க முடியாது; வைத்தால் இரண்டாம் முறை எல்லாக் கால்களும் மாறிப்போய்க் குறுக்காக விழும்.

வந்தவற்றில் ஒன்று இந்தச் சிக்கலை நேர்த்தியாகத் தீர்த்திருந்தது. ஒவ்வொரு சமத்திலும் ஒரு ஜம்ப். ஜம்ப்பில் இரண்டு காலும் ஊன்றுவதால் அதற்குப் பிறகு எந்தக் காலில் வேண்டுமானாலும் தொடங்கலாம். கணக்கு அழிந்து புதிதாகத் தொடங்கும். சமம் எங்கே என்பதையும் உடம்பு தெரிந்துகொள்ளும். மரபுவழித் தீர்வு, மாசு மருவில்லாதது. இன்னொன்று ஜம்ப்பே வைக்கவில்லை. ஒரு ஆவர்த்தனத்துக்கு எழுதிய தொடரை அடுத்ததில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியிருந்தது. இடது இருந்த இடத்தில் வலது, வலது இருந்த இடத்தில் இடது. மூன்றின் முடிவில் உடம்பு ஒரு பக்கம் திரும்பும், நான்கின் முடிவில் நேராகும். அடுத்த ஆவர்த்தனத்தில் மறுபக்கம் திரும்பும். பதினாலு மிதிக்கு ஒரு முறை உடம்பு இடமும் வலமுமாக ஆடி முடித்துத் தொடங்கிய இடத்துக்கு வரும்.

ஸ்டமினா நண்பர் முதலாவதுக்கே முதலிடம் என்றார். “இரண்டாவதை ஆடும்போது ஏழு என்பதே தெரியவில்லை. சும்மா ஓடிக்கொண்டே இருக்கிறது. பாட்டின் விசேஷமே அந்த ஏழுதானே?” நான் சொன்னது: தெரியாமல் போனதுதான் விசேஷம். ஏழை எண்ண வைப்பது எளிது. ஏழில் நடக்க வைப்பது எளிதல்ல. அவரை எண்ணாமல் ஆடச் சொன்னேன். ஆடினார். இறங்கி வந்து, “உனக்கு மிருதங்கம் தெரியும், அதனால் உன் காது இதை விரும்புகிறது. இங்கே ஆடப்போகிறவர்களுக்கு அது தெரியாது” என்றார். அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. நடுவரின் காது எந்த ஊர்க் காது என்பதை மதிப்பெண் தாளில் எழுத இடம் இல்லை. இரண்டும் அரை மதிப்பெண் வித்தியாசத்தில் முடிந்தன. முந்தியது கண்ணாடிப் பிம்பம். அதற்குப் பாட்டு மாற்றும் சோதனையை வைக்கக்கூட வழியில்லை, அந்த பி.பி.எம்மில் இன்னொரு ஏழு எனக்கு அகப்படவில்லை.

கணினியே சார்ட் எழுதும் முயற்சிகள் நான் நடுவராவதற்கு முன்பே தொடங்கிவிட்டன. லண்டன் இம்பீரியல் கல்லூரி மாணவர் ஒருவரின் திட்டவேலையாக 2003-இல் டான்சிங் மங்கீஸ் என்று ஒன்று வந்தது. பாட்டின் வேகத்தைத் தானே கண்டுபிடித்து அம்பு போடும். 2017-இல் கிறிஸ் டொனாஹியூ, சக்கரி லிப்டன், ஜூலியன் மெக்காலி மூவரும் டான்ஸ் டான்ஸ் கன்வல்யூஷன் என்ற ஆய்வை வெளியிட்டார்கள். நரம்பு வலையமைப்புக்கு அவர்கள் கற்பிக்க எடுத்துக்கொண்டது இரண்டு தொகுப்புகள்: ஒரே ஆள் சார்ட் எழுதிய 90 பாட்டுகள், எட்டுப் பேர் சார்ட் எழுதிய இன் த குரூவ் பாட்டுகள் 133. வேலையை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். எந்தக் கணத்தில் அம்பு என்று முடிவு செய்வது ஒரு பகுதி. எந்த அம்பு என்று முடிவு செய்வது இன்னொரு பகுதி.

அந்தப் பிரிவைப் படித்தபோது எனக்கு எங்கள் தாளின் மேலேயே சந்தேகம் வந்தது. எப்போது, எது என்று பிரித்துத்தான் நாங்களும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தோம், பொருத்தம் ஒரு கட்டம், வசதி ஒரு கட்டம் என்று. நல்ல சார்ட்டில் அந்த இரண்டும் பிரியாது. அந்த ஏழு எண்ணிக்கைச் சார்ட்டில் ஜம்ப் இல்லாததும் உடம்பு திரும்புவதும் ஒரே முடிவு. எதை எந்தக் கட்டத்தில் போடுவது? இயந்திரம் எழுதியவற்றை நான் ஆடிப் பார்த்தவரை, கால் வைக்கிற இடங்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. பல்லவி திரும்பி வந்தபோது முன்பு வந்த பல்லவியின் ஞாபகம் அதற்கு இல்லை. கண்ணின் பழக்கம் என்று நான் ஏளனமாகச் சொன்ன சங்கதி, ஒரே வரிக்கு ஒரே தொடர் என்பது, அங்கே இல்லாதபோது வெறுமையாக இருந்தது. பழக்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள இயந்திரம் வர வேண்டியிருந்தது.

புதுமைக் கட்டத்தைக் கடைசியில் எடுத்தே விட்டோம். அதற்குப் பதில் நடுவர் ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: இந்தச் சார்ட்டில் வேறு பாட்டுக்குக் கொண்டுபோக முடியாத இடம் எது? இடத்தைச் சுட்டி எழுத வேண்டும், எத்தனையாவது ஆவர்த்தனம், எந்த வினாடி என்று. ‘நல்ல முயற்சி’, ‘புதுமையாக இருக்கிறது’ போன்ற வாசகங்கள் தடை. குறிப்பு எழுத நேரம் இரண்டு மடங்கானது. எரிச்சலில் ஒருவர் விலகியும் போனார். மற்றவர்களிடம் வாதம் குறைந்தது. எல்லாரும் ஒரே வினாடியைச் சுட்டும்போது வாதிட என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி வந்த பிறகு நடந்த போட்டியில், ஒரு பதிவுத் தொகுப்பில் ஐந்து கடின நிலைகளுக்கும் தனித்தனிச் சார்ட் இருந்தது. அப்படி அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. அனேகமாக எல்லாரும் மிகக் கடினமானதை மட்டும் பொறுப்பாக எழுதுவார்கள்; எளிய நிலைகளைக் கடைசி ராத்திரி கடினத்திலிருந்து அம்பு உருவித் தயார் செய்வார்கள். இவருடைய எளிய சார்ட்டைத் திறந்தேன். எளிய நிலையில் மரபு இறுக்கம்: கிராஸ்ஓவர் கூடாது, பெரும்பாலும் சிவப்பு அம்புதான், இரண்டு அம்புக்கிடையே மூச்சு விட இடம் வேண்டும். ஆர்வத்தைக் காட்ட இடமே இல்லாத பொட்டல்.

அந்தப் பொட்டலில் அவர் செய்தது இது. முதல் சரணத்தில் அம்புகள் பேஸ் கிடாரைப் பின்தொடர்ந்தன. இரண்டாம் சரணத்தில், அம்புகளின் எண்ணிக்கை அதேதான், ஆனால் பாடுகிற குரலைப் பின்தொடர்ந்தன. பேஸ் அடிக்கிற இடமும் குரல் எழுகிற இடமும் கொஞ்சம் வேறு. அந்தக் கொஞ்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு, டி.டி.ஆர். பலகையில் முதல் முறை ஏறுகிற ஒருவருக்குப் பாட்டுக்குள் இரண்டு தனி ஆட்கள் இருக்கிறார்கள் என்று காலால் சொல்லிக் கொடுத்திருந்தார். பாட்டை மாற்றிப் போட்டேன். இரண்டாம் சரணம் சுத்தமாக ஒட்டவில்லை. அந்தக் கேள்விக்கு எழுத இவ்வளவு தெளிவான பதில் அதற்கு முன் கிடைத்ததில்லை.

மற்ற நடுவர்கள் முதலில் அந்த நிலையைத் திறக்கவே இல்லை. அவ்வளவு எளிய சார்ட்டை அவர்கள் ஆடி வருடங்கள் ஆகியிருக்கும்; பிறகு திறந்தபோதும் காலுக்குப் பொறுமை இல்லை, அம்புகளுக்கிடையில் சலித்துப்போய்ச் சும்மா தட்டிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு நடுவரின் மகளைக் கூப்பிட்டு ஆட வைத்தோம். அவளுக்கு ஒன்பது வயது, முன்பு ஆடியதில்லை. முதல் சரணத்தில் திரையை முறைத்துக்கொண்டே ஆடினாள். இரண்டாவதில் வாய் முணுமுணுத்தது. பாடகரின் சொற்கள், தப்புத்தப்பாக. அவள் அப்பா பேசாமல் மதிப்பெண்ணைத் திருத்தினார்.

அந்தத் தொகுப்புக்கு முதல் பரிசு கொடுத்தபோது புகார்கள் வந்தன. கடின எண் மூன்றே உள்ள சார்ட்டுக்காகவா பரிசு, நாங்கள் பதின்மூன்றாம் எண்ணில் விடிய விடிய உழைத்தோமே என்று. கடின நிலையிலும் அவருடையது நன்றாகத்தான் இருந்தது என்று பதில் எழுதினோம், யாரும் நம்பவில்லை. அடுத்த முறை, எல்லாப் பதிவிலும் எளிய நிலைச் சார்ட் கட்டாயம், அதற்கும் அதே மதிப்பெண் என்று விதியை மாற்றினோம். பதிவுகள் பாதியாகக் குறைந்தன. வந்தவற்றில் உருவிய சார்ட் எதுவும் இல்லை.